இருபத்திநாலு அண்ணனும் எழுந்து போகாத கூட்டமும்

"…அதனால நீங்க இந்தக் கதவைத் தொறந்து வச்சிக்கிட்டு நின்னு பேசுற ஒவ்வொரு நிமிஷமும், டத்தோ, எதிர்ல இருக்கிற செம்பனைத் தோட்டத்துக்கு நான் ஏர்கோன் போட்டுக்கிட்டு இருக்கேன். மரம் ஒன்னும் நன்றி சொல்லப்போறதில்ல. உள்ள வாங்க, இல்லன்னா வெளிய போங்க. நடுவுல நிக்காதீங்க."

இதைச் சொன்னவர் எங்கள் கல்லூரியின் கட்டடப் பராமரிப்பாளர். கேட்டுக்கொண்டு நின்றவர் அதே கல்லூரியின் நிர்வாகக் குழுத் தலைவர். அன்றுதான் புதுக் கட்டடத்துக்குத் திறப்பு விழா. நாடா வெட்டிய கத்தரிக்கோல் இன்னும் டத்தோவின் கையிலேயே இருந்தது. அவர் கத்தரிக்கோலை ஒரு தடவை பார்த்தார், இவரை ஒரு தடவை பார்த்தார், பிறகு உள்ளே வந்தார். கதவு தானாக மூடிக்கொண்டது. "இப்ப சரி," என்றார் இவர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற குரலில்.

ஜொகூர் மாநிலத்தில் கட்டடம் கட்டத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கட்டி முடித்த கட்டடத்திடம் 'சாப்பிட்டியா, தூங்குனியா' என்று விசாரித்து, அது சொல்கிற பதிலையும் புரிந்துகொள்கிற ஆள் ஒரே ஒருவர்தான். அவரோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவள் நான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவருக்குச் சம்பளச் சீட்டில் ஒரு பெயர் இருந்தது. அதைச் சம்பளப் பிரிவில் இருக்கிற இரண்டு பேர் மட்டும் பார்த்திருக்கிறார்கள். மற்ற எல்லாருக்கும் அவர் இருபத்திநாலு. மாணவர்களுக்கு அங்கிள் இருபத்திநாலு. எனக்கு அண்ணே.

பெயர்க் காரணம் பெரிய ஆராய்ச்சி இல்லை. எந்த வகுப்பில் யார் 'புழுக்கமா இருக்கு' என்றாலும், யார் 'குளிருது' என்றாலும், அவர் ஏர்கோனை வைப்பது இருபத்துநான்கு டிகிரியில்தான். மனித உடம்பு, மேசை நாற்காலி, மின்சாரக் கட்டணம் மூன்றும் சண்டை இல்லாமல் ஒன்றாக உட்காரக்கூடிய இடம் அது ஒன்றே என்பது அவர் கட்சி. அடையாள அட்டையோடு சேர்த்துக் கழுத்தில் ஒரு சின்ன வெப்பமானியையும் மாட்டியிருப்பார். குளுவாங்கில் எங்கள் அலுவலகப் பெண் ஒருத்தியின் கல்யாணம். எல்லாரும் வரிசையில் நின்று மேடையேறி, 'பதினாறும் பெற்று' என்று வாழ்த்திக்கொண்டிருந்தோம். இவர் முறை வந்தது. மணப்பெண்ணிடம் குனிந்து, "மா, ஹால்ல இப்ப பத்தொன்பது டிகிரிதான். மாப்பிள்ளைக்கு வேர்க்குது பாரு, அது சூட்டுனால இல்ல. கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று சொல்லிவிட்டு மொய் உறையை நீட்டினார்.

எங்கள் கல்லூரி சிம்பாங் ரெங்கத்துக்கும் குளுவாங்குக்கும் நடுவில், செம்பனை கொஞ்சம் மூச்சு விடுகிற ஓர் இடத்தில் இருக்கிறது. பழைய கட்டடத்தில் மழை பெய்தால் மூன்றாம் வகுப்பறையில் வாளி வைப்போம். அந்த வாளியோடு பதினைந்து வருஷம் குடும்பம் நடத்திய எங்களுக்குத் திடீரென்று ஒரு விவேகக் கட்டடம் வந்து வாய்த்தது. கீழே நூலகம், அதில் நான் உதவியாளர். மேலே வகுப்புகள், அதற்கும் மேலே பெரிய மண்டபம், கூரையில் சூரியத் தகடுகள். எங்கேயும் சுவிட்ச் கிடையாது. கூரையில் சட்டைப் பொத்தான் மாதிரி வெள்ளை வெள்ளையாய் சென்சர்கள். யாராவது அசைந்தால் 'ஆள் இருக்கு' என்று விளக்கையும் ஏர்கோனையும் போடும். கால் மணி நேரம் ஒன்றும் அசையாவிட்டால் 'ஆள் இல்லை' என்று அணைத்துவிடும். வெயில் ஏறினால் திரைச்சீலை தானே இறங்கும்.

முதல் மாதம் விரிவுரையாளர்கள் எல்லாம் கதவோரம் நின்று, பழக்கதோஷத்தில் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தார்கள். பார்க்கிறவர்களுக்குக் கண் தெரியாதவர்கள் மாநாடு போலத் தோன்றும். கழிப்பறையில் உட்கார்ந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். யோசனையில் ஆழ்ந்திருக்கும்போது விளக்கு போய்விடும். உள்ளேயிருந்து 'ஐயோ'வுக்குப் பதில் 'அலமாக்' என்று குரல் கேட்கும். இருபத்திநாலு அண்ணன் மூன்று மொழியிலும் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: 'உள்ளே அமர்ந்திருப்பவர்கள் அவ்வப்போது கையை அசைக்கவும்.' அதைப் படித்த ஒரு புது மாணவன், யாரைப் பார்த்து அசைக்க வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டான்.

இவ்வளவு புத்திசாலியான கட்டடத்தை எதிர்த்து நின்ற ஒரே ஆள் ஸ்டெல்லா டீச்சர். கணிதம் நடத்துவார். நல்ல ஆகிருதி, அதைவிடப் பெரிய மனசு, ஆனால் வெயில் மட்டும் ஆகாது. அண்ணனும் அவரும் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். அதனால் சண்டைக்கு வாரத்தில் ஏழாம் நாளும் விடுமுறை கிடையாது.

"பதினெட்டு வை," என்பார் டீச்சர்.

"பதினெட்டு வேணும்னா கேமரன் மலைக்கு மாத்தல் கேளுங்க டீச்சர். அங்க ஏர்கோனே வேண்டாம்."

"எனக்கு உள்ளுக்குள்ள அடுப்பு எரியுதுடா. உனக்கு எங்க வெளங்கப்போவுது?"

"அடுப்பை நீங்க எரியவிட்டுட்டு ஏர்கோனை வையிறீங்களே, இது நியாயமா?"

"ஆம்பளைங்களுக்கும் ஒரு தடவை இந்த வயசு வரணும். அப்ப தெரியும் லா இருபத்திநாலும் இருபத்தஞ்சும்."

அண்ணன் வெப்பமானியை எடுத்துக் காட்டுவார், பாதிரியார் சிலுவையைக் காட்டுகிற மாதிரி. டீச்சர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டே வகுப்புக்குள் போவார்.

முதல் பரீட்சை வந்தது. மேல் மண்டபத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். படித்த பிள்ளைகள் அசையாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். படிக்காத பிள்ளைகள் அசையாமல் யோசித்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். இவ்வளவு பேர் இருந்தும் கட்டடம் 'ஒருத்தரும் இல்லை' என்று முடிவு கட்டி எல்லா விளக்கையும் அணைத்தது. அடுத்த பரீட்சையிலிருந்து அண்ணன் காலணியைக் கழற்றிவிட்டு, காலுறையோடு, மூன்று மணி நேரம் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், விளக்கு அணையாமல் இருக்க. ஒரு பெண் பிள்ளை அலுவலகத்தில் புகார் கொடுத்தாள்: "அங்கிள் என் பக்கத்துல வர்றப்பல்லாம் 'த்சு'ங்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு."

விசாரணை நடந்தது. "நான் அது எழுதுனதைப் பார்க்கவே இல்ல," என்றார் அண்ணன். "மேல காத்து வர்ற வாயில ஒரே தூசி. அதைப் பார்த்துத்தான் 'த்சு'ன்னேன்." அதற்குள் அவர் 'த்சு' போட்ட இடத்திலெல்லாம் பிள்ளைகள் பதிலை அடித்துவிட்டு மாற்றி எழுதியிருந்தார்கள். அந்தத் தடவை தேர்ச்சி கூடியது என்று ஸ்டெல்லா டீச்சரே என்னிடம் சொன்னார். அண்ணனிடம் சொல்லவில்லை.

இவர் இந்தக் கட்டடத்தை ஏன் இப்படிக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே வருவதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் சிங்கப்பூரில் ஏர்கோன் வேலை. அடுக்குமாடிகளில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை. திங்கட்கிழமை விடியுமுன் ரெங்கத்திலிருந்து கிளம்பி, மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் பாலம் தாண்டுவார். ராத்திரிக்கு, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜொகூர் பாருவில் ஐந்து ஆண்களோடு ஒரு வாடகை அறை. சனிக்கிழமை வீடு. "என் பொண்டாட்டி என்னைய வெளிச்சத்துல பார்த்தது கல்யாணப் போட்டோவுலதான்," என்பார். இந்த வேலை கிடைத்த பிறகுதான் மத்தியான சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். முதல் நாள் போனபோது மனைவி பயந்துபோய், "என்னங்க, வேலையை விட்டு நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டாராம்.

அப்படிக் கேட்டது முழுக்கத் தப்பில்லை. ஏனென்றால் வேலை ஒரு வருஷ ஒப்பந்தம். கட்டடத்தைக் கட்டிக்கொடுத்த நிறுவனத்தின் எஞ்சினியர் பிரவின் கோலாலம்பூரிலிருந்து வந்து, நூலகத்தில் உட்கார்ந்துதான் அதை விளக்கினார். நான் புத்தகம் அடுக்குகிற மாதிரி பக்கத்திலேயே நின்றேன்.

"இந்த ஒரு வருஷம் முடியுறப்ப மதிப்பீட்டாளர்ங்க வருவாங்க அங்கிள். சொன்ன அளவுக்குள்ள கரண்டு நின்னா கட்டடத்துக்குப் பசுமைச் சான்றிதழ். உங்களை நிரந்தரமாக்கிடுவாங்க. அடுத்து மாணவர் விடுதியையும் இதே மாதிரி மாத்துறதா இருக்காங்க. அதுக்கும் நீங்கதான்."

"நிக்கலன்னா?"

"நிக்கலன்னா நாங்களே எடுத்துக்குவோம். கே.எல்.ல இருந்து ஸ்கிரீன்லயே பார்த்துக்கலாம். இங்க ஆள் வேணாம்."

"அப்ப நான் திரும்பப் பாலம்."

பிரவின் தம்பி மேசையைப் பார்த்தார். நல்ல பையன். அவனுக்கும் சொல்லப் பிடிக்கவில்லை.

அந்த அளவைக் காட்ட, முகப்பில் ஒரு பெரிய திரை வைத்திருந்தார்கள். அதில் ஒரு மரம். மின்சாரம் சிக்கனமாக இருந்தால் இலை தழைக்கும். அளவு மீறினால் ஒவ்வொன்றாக உதிரும். மற்றவர்களுக்கு அது ஒரு படம். அண்ணனுக்கு அது நோயாளியின் கட்டில். காலையில் வந்ததும் அதன் முன்னால் நின்று இலை எண்ணுவார். ஓர் இலை குறைந்தாலும் மாடி மாடியாக ஏறி, யார் ஜன்னலைத் திறந்தது, யார் மடிக்கணினியில் மூன்று பேர் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுவது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் கோப்பி குடிப்பார். மரம் பத்து மாதம் பச்சைப்பசேல் என்று இருந்தது. அந்தத் தைரியத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். விடுமுறை நாளில் கட்டடம் முழுவதும் அணைந்திருக்கும்படி பிரவின் கணினியில் போட்டு வைத்திருந்த நாட்காட்டியை அவரே எடுத்துவிட்டார்.

"ஏண்ணே?" என்று கேட்டேன்.

"ஆள் இருந்தா முழிக்குது, இல்லன்னா தூங்குது. இவ்வளவு அறிவுள்ளதுக்குப் போய் லீவு எப்பன்னு நாம சொல்லிக்குடுத்தா அதுக்குக் கேவலமா இருக்காது?"

ஜனவரி மாதம் வந்தது. தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா மேல் மண்டபத்தில். சங்கத்துக்கு ஆலோசகர் நான். பொங்கல் பானையை வெளியே வாகன நிறுத்தத்தில் வைத்துவிட்டு, மண்டபத்தில் குருத்தோலைத் தோரணம் கட்டினோம். நானும் நாலைந்து மாணவிகளும் இரண்டு நாள் உட்கார்ந்து மடித்த தோரணம். சும்மா தொங்கினால் அழகில்லை என்று, ஏர்கோன் காற்று வருகிற வாய்களுக்கு நேர் கீழே ஏணி போட்டுக் கட்டினேன். என்னமாய் ஆடியது தெரியுமா? உயிருள்ளது மாதிரி. டத்தோவே நின்று படம் எடுத்தார், இந்தத் தடவை கதவுக்கு உள்ளே நின்று. விழா முடிந்தது. மறுநாள் முதல் சீனப் புத்தாண்டு விடுமுறை, ஒரு வாரம். தோரணத்தை வந்து கழற்றிக்கொள்ளலாம் என்று எல்லாரும் ஊருக்குப் போய்விட்டோம். நான் பாலோவில் அக்கா வீட்டில் உட்கார்ந்து, சீன அண்டை வீட்டார் கொடுத்த ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த அன்று காலையில் முகப்பில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். திரையில் மரம் இல்லை. ஒரு குச்சி இருந்தது. குச்சியின் நுனியில் ஒரே ஓர் இலை, அதுவும் மஞ்சளாய்.

"அண்ணே."

"பேசாத."

ஸ்டெல்லா டீச்சர் வந்தார். 'நான் ஒன்னும் பண்ணல' என்று கேட்காமலே சொன்னார். கேண்டீன்காரர் கைத்துண்டோடு வந்து பார்த்துவிட்டு, "சாமி குத்தமா இருக்கும். ஒரு கோழி அடிச்சிடலாம்" என்றார். நேப்பாளக் காவலர், விடுமுறை முழுக்க ஒரு பூனைகூட உள்ளே வரவில்லை என்று சத்தியம் செய்தார். ஆனால் கட்டடத்தின் பதிவு வேறு கதை சொன்னது. ஏழு நாளும், மேல் மண்டபத்தில், ஆள் இருந்திருக்கிறார்கள். ஒரு நிமிஷம்கூட வெளியே போகாமல் இருந்திருக்கிறார்கள்.

"ஏழு நாள்," என்றார் அண்ணன். "ஒரு கூட்டம் வந்து உக்காந்திருக்கு. எந்திரிக்கவே இல்ல. சாப்பிடவும் போவல, மூத்திரம் பெய்யவும் போவல. யார் இவங்க?"

மத்தியானத்துக்குள் மாணவர்கள் மண்டபத்தில் பேய் என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள். கட்டடம் வருவதற்கு முன் இங்கே ரப்பர் தோட்டம் இருந்தது, பால் வெட்டுக்கு வந்த பழைய ஆட்கள் பெயர் கொடுக்க வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருவன் வரிசையே வரைந்து காட்டினான்.

அண்ணன் சாவியோடு என்னிடம் வந்தார். "தங்கச்சி, மேல வா. ரெண்டு பேரும் ஆடாம உக்காருவோம். கால் மணி நேரத்துல வெளக்கு அணையணும். அணையலன்னா வேற யாரோ உள்ள இருக்காங்க."

மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். நான் மூச்சைக்கூட அளந்து விட்டேன். கால் மணி நேரம் ஆனது. விளக்கு எரிந்தது.

"நீ ஆடுன."

"ஆடல அண்ணே."

"கண்ணை மூடித் தொறந்தியா?"

"அதுகூடவா?"

"இன்னொரு தடவை."

மறுபடியும் கால் மணி நேரம். என் மூக்கு அரித்தது. முப்பத்தாறு வருஷ வாழ்க்கையில் என் மூக்கு அப்படி அரித்ததில்லை. விளக்கு எரிந்தது. ஏர்கோன் உறுமியது. அண்ணன் மெதுவாகத் தலையை மட்டும் மேலே தூக்கினார். நானும் தூக்கினேன்.

தோரணம் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் காய்ந்து, எடை குறைந்து, விழா நாளைவிட நன்றாகவே ஆடியது.

நடந்தது இரண்டு பேருக்குமே ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. ஏர்கோன் காற்றில் தோரணம் ஆடியிருக்கிறது. ஆள் அசைகிறது என்று சென்சர் நினைத்திருக்கிறது. பெரிய கூட்டம் போல என்று கட்டடம் காற்றைக் கூட்டியிருக்கிறது. காற்று கூடியதும் தோரணம் இன்னும் ஆடியிருக்கிறது. ஏழு நாள் தோரணமும் கட்டடமும் ஒருவரை ஒருவர் ஊக்குவித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"நான்தான் கட்டுனேன் அண்ணே," என்றேன்.

"தெரியும். முடிச்சைப் பார்த்தாலே தெரியுது. புத்தகக் கட்டு மாதிரி ரெட்டை முடிச்சு."

"பிரவின்கிட்ட நானே சொல்லிடறேன்."

"என்னன்னு? பொங்கலுக்குத் தோரணம் கட்டுனது குத்தம்னா? லீவு நாட்காட்டியை யார் எடுத்தது? நான். அது இருந்திருந்தா நீ யானையைக் கட்டித் தொங்கவுட்டிருந்தாகூட கட்டடம் தூங்கியிருக்கும்." எழுந்து ஏணியை இழுத்தார். ஏணியில் ஏறிய பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "ரெண்டு மாசம் இருக்கு. ஏழு நாள் சாப்பிட்டதை ரெண்டு மாசத்துல பட்டினி கெடந்து சரிக்கட்ட முடியுமான்னு தெரியல" என்றார். அவர் 'தெரியல' என்று சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அவர் யாரிடமும் உதவி கேட்கவில்லை. நான்தான் மனசு தாங்காமல் ஸ்டெல்லா டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பாலம், வாடகை அறை, மத்தியான சாப்பாடு எல்லாம். டீச்சர் கேட்டுக்கொண்டே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு எழுந்து நேரே அண்ணன் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"என் கிளாசை இருபத்தாறு வை."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "டீச்சர், உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன். வை."

"உங்களால தாங்க முடியாது டீச்சர்."

"தாங்குறனா இல்லையான்னு நான் பார்த்துக்கறேன். மனசு மாறுறதுக்குள்ள வைடா."

வைத்தார். மறுநாள் டீச்சர் கழுத்தில் ஒரு பேட்டரி விசிறி, தோளில் இரண்டு துண்டு, கையில் ஐஸ் தண்ணீர் என்று குத்துச்சண்டைக்குப் போகிற மாதிரி வகுப்புக்குப் போனார். அதைப் பார்த்த பிறகு வேறு யார் வாய் திறப்பது? ஒவ்வொரு வகுப்பாக இருபத்தாறுக்கு ஏறியது. நான் நூலக மேசைகளை எல்லாம் ஜன்னலோரம் தள்ளி, உள்பக்கத்துப் பாதியை இருட்டிலேயே விட்டேன். மாணவர்கள் மின்தூக்கியை விட்டுப் படியேறினார்கள். கேண்டீன்காரர்கூட, கோழி யோசனையை விட்டுவிட்டு, மத்தியானத்துக்குப் பிறகு பெரிய குளிர்ப்பெட்டி ஒன்றை அணைத்து வைத்தார். 'அது வேற மீட்டர் அங்கிள்' என்று நான் சொன்னேன். 'இருக்கட்டும்மா, மனசுக்கு' என்றார்.

குச்சியில் இலை வைக்க ஆரம்பித்தது. அண்ணன் மட்டும் இளைத்துக்கொண்டே போனார். விடியலில் முதல் ஆளாக வந்து நின்றார். 'தூங்குறீங்களா அண்ணே' என்று கேட்டால், 'கட்டடம் தூங்குது' என்பார்.

மதிப்பீட்டாளர்கள் வந்தார்கள். ஒரு மலாய்க்கார அம்மையாரும் ஓர் இளைஞரும். நூலகத்தின் பெரிய மேசையில் தாள்களைப் பரப்பினார்கள். பிரவின் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். தண்ணீர் வைக்கிற சாக்கில் நானும் அங்கேயே நின்றேன். அம்மையாரின் விரல் வரைபடத்தில் வழுக்கிக்கொண்டே வந்து, மலை மாதிரி எழும்பி நின்ற அந்த வாரத்தில் நின்றது.

"இது என்ன?"

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அண்ணன் என் காலை மிதித்தார். காலணி எண் பத்து. வாய் மூடிக்கொண்டது. அவர் மலாயில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்:

"புவான், அது கட்டடத்தோட தப்பில்ல. மண்டபத்துல தோரணம் ஆடுச்சு. வீட்டுக்கு ஆள் வந்திருக்குன்னு அது நெனச்சிடுச்சு. வந்தவங்களுக்குக் காத்து போட்டுச்சு, வெளிச்சம் போட்டுச்சு. ஏழு நாள் முகம் சுளிக்காம உபசரிச்சிருக்கு. லீவு நாள்னு அதுக்குச் சொல்ல வேண்டியவன் நான். நான் சொல்லல. அந்த நாட்காட்டியை எடுத்தது என் கை. இப்ப திரும்பப் போட்டுட்டேன்."

பிரவின் கண்ணை மூடிக்கொண்டார். அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "எங்க வீட்டுல பெருநாளைக்கு இப்படித்தான், விருந்தாளி போனாலும் அம்மா சமைச்சிக்கிட்டே இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு எதையோ எழுதினார். நல்லதை எழுதினாரா, கெட்டதை எழுதினாரா என்று அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அரசாங்க முகம்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரு செய்தியும் இல்லை. பருவம் முடிந்து பிள்ளைகளும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரு மத்தியானம் அண்ணன் நூலகத்தில் சிக்கிக்கொண்ட திரைச்சீலை ஒன்றைச் சரி செய்துகொண்டிருந்தபோது என் மேசையில் தொலைபேசி அடித்தது. பிரவின். 'அங்கிள்கிட்ட குடுங்கக்கா' என்றார். கொடுத்தேன்.

"ம்," என்றார் அண்ணன். "ம்… விடுதிக்குமா? … ம். சரி தம்பி. வீட்டுல அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லு."

தொலைபேசியை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"என்னண்ணே? என்ன சொன்னான்?"

"மயிரிழையாம். ஆனா உள்ளதான் நிக்குதாம். நிரந்தரம்னு கடிதம் வருதாம்." திரைச்சீலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீட்டுல சொல்லணும். கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்."

ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கோப்பி கலக்கிக்கொண்டு வருவதற்குள் அவர் தலை சாய்ந்துவிட்டது. கையில் திருப்புளி அப்படியே இருந்தது. சீனப் புத்தாண்டு விடுமுறையிலிருந்து அன்றுவரை பாக்கி வைத்திருந்த தூக்கம் மொத்தமும் வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. கோப்பியை வைத்துவிட்டு நான் எதிரில் சத்தமில்லாமல் உட்கார்ந்தேன். செய்தி கேட்டு ஸ்டெல்லா டீச்சர் உள்ளே வந்தார், வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தார். நான் உதட்டில் விரல் வைத்தேன். அவரும் என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

கால் மணி நேரத்தில் விளக்கு அணைந்தது. கூடவே ஏர்கோனும் நின்றது. டீச்சரின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது. கழுத்து விசிறி சத்தம் போடும் என்று அதைப் போடவில்லை. ஒரு கையை ஆட்டினால் போதும், எல்லாம் திரும்ப வந்துவிடும். டீச்சர் இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். நானும்தான்.

இருபத்திநாலு அண்ணன் லேசாகக் குறட்டை விட்டார்.